கரும்பொருள்: இருப்பது தெரியும், இன்னதென்று தெரியாது

சில மாதங்களுக்கு முன் ஊர் நூலகத்தில் வானியல் பற்றிப் பேசி முடித்ததும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், டார்க் மேட்டர்னு ஒண்ணு இல்லவே இல்லையாமே? இத்தனை வருஷம் தேடியும் கிடைக்கலைன்னு யூடியூப்ல சொல்றாங்க.” பக்கத்தில் இருந்த பெரியவர் உடனே, “அதெல்லாம் பிளாக் ஹோல்தாம்மா” என்றார். இருவரும் ஆர்வமாகப் படிப்பவர்கள். இருவர் சொன்னதும் சரியில்லை. நூலகம் பூட்டும் நேரம் ஆகிவிட்டதால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு வந்தேன். அது போதவில்லை என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரையை அவர்கள் இருவரையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் தெரியாத பொருள் வானத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால், அது எந்தத் துகளால் ஆனது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வானம் பல வழிகளில் ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் விடை இல்லை. ‘தேடினார்கள், கிடைக்கவில்லை’ என்ற செய்தியெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

## பெயரில் ஒரு சிக்கல்

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். மாணவி சொன்ன டார்க் மேட்டருக்குத் தமிழில் கரும்பொருள் என்று பெயர். ‘கரும்பொருள்’ என்றதும் அகத்திணையின் கருப்பொருள் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை என்று வரும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ‘கரு’ என்ற அடைமொழி. கரி கறுப்பாகத் தெரிவது அது ஒளியை விழுங்குவதால். கரும்பொருள் ஒளியை விழுங்காது, வெளியிடாது, சிதறடிக்காது. ஒளி அதன் வழியாகத் தடையில்லாமல் போய்விடும். ஆகவே கறுப்பு என்பதைவிட, சுத்தமாகத் துடைத்த கண்ணாடி போன்றது என்பதே பொருத்தம். பெயர் நிலைத்துவிட்டதால் நாமும் கரும்பொருள் என்றே சொல்வோம்.

கரும்பொருள் வேறு, கரும் ஆற்றல் வேறு. கரும்பொருள் ஈர்ப்பால் பொருளைத் திரட்டுகிறது. கரும் ஆற்றல் என்பது அண்டத்தின் விரிவை முடுக்கிவிடும் ஏதோ ஒன்றுக்கு வைத்த பெயர். இந்தக் கட்டுரையில் அதற்கு வேலை இல்லை.

## ராட்டினத்தின் சங்கிலி

திருவிழாவில் சங்கிலி ராட்டினம் சுற்றுவதைத் தொலைவிலிருந்து இரவில் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகளில் கட்டிய சின்ன விளக்குகள் மட்டும் வட்டமடிப்பது தெரிகிறது. சங்கிலி தெரியவில்லை. ஆனாலும் விளக்குகள் தெறித்துப் போகாமல் சுற்றுவதால் ஏதோ ஒன்று உள்நோக்கி இழுக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வேகத்தை அளந்தால் அந்த இழுப்பு எவ்வளவு என்றும் சொல்லிவிடலாம்.

வானியலாளர்கள் செய்தது இதைத்தான். நம் சூரிய மண்டலத்தில் இழுப்பது சூரியன். அதை நெருங்கிச் சுற்றும் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, தொலைவில் இருக்கும் நெப்டியூன் நொடிக்கு 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. விலக விலக வேகம் குறையும். விண்மீன் கூட்டங்களிலும், அதாவது கேலக்சிகளிலும், ஒளியின் பெரும்பகுதி நடுவில்தான் குவிந்திருக்கிறது, ஆகவே அங்கும் ஓரத்து விண்மீன்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கூட்டத்தை அளந்தார்கள். வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பின்னர் அளந்த பல கூட்டங்களிலும் அதே கதைதான். ஓரத்தில் ஓடுபவற்றைப் பிடித்து வைக்கும் அளவுக்கு, வெளியே தெரியாத நிறை சுற்றிலும் பரவிக் கிடக்கிறது.

இதற்கு வெகு முன்பே, 1933இல், ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில் இதே முரணைக் கண்டிருந்தார். கொத்து என்பது நூற்றுக்கணக்கான விண்மீன் கூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சேர்ந்து வாழும் திரள். அங்கே ஒவ்வொரு கூட்டமும் ஓடிய வேகத்தைப் பார்த்தால் கொத்து எப்போதோ கலைந்திருக்க வேண்டும். அவர் சொன்னது பல பத்தாண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

‘ஈர்ப்பு விதியே தொலைவில் மாறினால்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1983இல் மோர்தெகாய் மில்குரோம் அப்படி ஒரு திருத்தத்தை முன்வைத்தார், தனிக் கூட்டங்களின் சுழற்சிக்கு அது வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. ஆனால் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. ஒன்று, ‘புல்லட் கொத்து’. இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிப் போன இடம் அது. மோதலில் சாதாரணப் பொருளின் பெரும்பகுதியான வெப்ப வாயு நடுவில் சிக்கி நின்றுவிட்டது. ஈர்ப்பு ஒளியையும் வளைக்கும். ஆனால் அப்படிப் பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே அதிகம் வளைகிறது என்று 2006இல் அளந்து காட்டியபோது, நிறையின் பெரும்பகுதி வாயு இருக்கும் நடுவில் இல்லை. இரு பக்கமும் முன்னேறிப் போய்விட்டிருந்தது. விதியை மாற்றினால் இழுப்பின் அளவை மாற்றலாம். பொருளே இல்லாத பக்கம் இழுப்பைக் கொண்டுபோய் வைப்பது கடினம்.

மற்றொன்று அண்ட நுண்ணலைப் பின்னணி, அதாவது பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்து விடுபட்டு இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கும் மங்கலான கதிர். அதில் இருக்கும் ஏற்ற இறக்கங்களின் அளவு, அன்று எவ்வளவு சாதாரணப் பொருள் இருந்தது, எவ்வளவு ஒளியோடு உறவில்லாத பொருள் இருந்தது என்பதைத் தனித்தனியே காட்டிக்கொடுக்கிறது. பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்குப்படி அண்டத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் 5 விழுக்காடு, கரும்பொருள் 27 விழுக்காடு, மீதி கரும் ஆற்றல்.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: சுழலும் கூட்டங்கள், கொத்துகள், வளையும் ஒளி, பழைய கதிர் என்று ஒன்றையொன்று சாராத அளவீடுகள் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. சாதாரணப் பொருளைப் போல அது ஐந்து மடங்குக்கும் மேல்.

## மாதிரி என்றால் என்ன?

இனி இரண்டாவது கேள்வி. செய்திகளில் ‘கரும்பொருள் மாதிரி’ என்று வரும்போது பலர் அதை ஊகம் என்று படிக்கிறார்கள். மாதிரி என்பது ஒரு முழுக் கணக்கு. ‘இப்படி ஒரு துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்’ என்று தொடங்கி, அதன் நிறை என்ன, மற்றத் துகள்களோடு எவ்வளவு எளிதில் மோதும், அண்டத்தின் தொடக்கத்தில் எவ்வளவு உருவாகி இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கும், எந்தக் கருவியில் எப்படித் தட்டுப்படும் என்பது வரை எழுதிக் காட்ட வேண்டும். ஓர் இடத்தில் உதைத்தாலும் மாதிரி விழுந்துவிடும்.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல, இங்கும் பார்த்தே ஆக வேண்டிய பொருத்தங்கள் சில உண்டு. துகளுக்கு மின்னூட்டம் இருக்கக்கூடாது, இருந்தால் ஒளியோடு உறவாடி வெளியே தெரிந்துவிடும். 1,380 கோடி ஆண்டுகள் சிதையாமல் இருந்திருக்க வேண்டும். தன்னைப் போன்ற துகளோடும் அதிகம் மோதக்கூடாது, புல்லட் கொத்தில் அது தடையின்றி ஊடுருவிப் போனதைப் பார்த்தோம். பெருவெடிப்பிலிருந்து இன்று மிஞ்சும் அளவு சரியாக அந்த 27 விழுக்காட்டுக்கு வர வேண்டும். கடைசியாக, அது ‘குளிர்ந்ததாக’ இருக்க வேண்டும்.

இந்தக் ‘குளிர்’ வெப்பமானியில் பார்ப்பது இல்லை. கூட்டங்கள் உருவாகத் தொடங்கிய காலத்தில் துகள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது என்பதே பொருள். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

## கைக்கு எட்டியது: நியூட்ரினோ

நாம் அறிந்த துகள்களையெல்லாம் அடக்கிய பட்டியலுக்குச் செந்தர மாதிரி என்று பெயர். அதில் இந்தப் பொருத்தங்களுக்கு அருகில் வரும் ஒரே துகள் நியூட்ரினோ. மின்னூட்டம் இல்லை, சிதையாது, எதோடும் எளிதில் மோதாது, கணக்கில்லாமல் இருக்கிறது. பெருவெடிப்பில் பிறந்தவை மட்டும் இன்று ஒரு கன சென்டிமீட்டருக்கு 300க்கும் மேல். 1970களின் தொடக்கத்தில் இந்திய இயற்பியலாளர் ராமநாத் கௌசிக், ஜே. மெக்லெலண்டுடன் சேர்ந்து, நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அது அண்டத்தின் ஈர்ப்புக் கணக்கை எப்படி மாற்றும் என்று எழுதினார். கொத்துகளில் மறைந்திருக்கும் நிறை நியூட்ரினோவாக இருக்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. கரும்பொருளைத் துகளாகப் பார்க்கும் பாதையில் அவர்களுடையது மிக முந்தைய அடிகளில் ஒன்று. இதை நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

நியூட்ரினோ ஏன் தேறவில்லை? அது மிக லேசு. துகள்களின் நிறையை இயற்பியலாளர்கள் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். அந்த அளவுகோலில் எலக்ட்ரான் 5,11,000, புரோட்டான் ஏறத்தாழ 94 கோடி. நியூட்ரினோவோ ஒன்றைக்கூடத் தொடவில்லை. லேசான துகள் என்பதால் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பறந்தது. மாவைக் குவித்துக் கோலம் போட முயலும்போது பக்கத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால் என்ன ஆகும்? சின்னப் புள்ளிகள் நிற்கவே நிற்காது. அதுபோல வேகமாகப் பறக்கும் துகள்கள் சிறு குவியல்களைக் கலைத்துவிடும். அப்படி நடந்திருந்தால் நம் பால்வீதி போன்ற கூட்டங்கள் இன்று காணும் வகையில் உருவாகியிருக்காது. நிறையைக் கூட்டிப் பார்த்தாலும் நியூட்ரினோவின் பங்கு மிகச் சிறியது.

ஆக, பட்டியலில் இருக்கும் எதுவும் பொருந்தவில்லை. பட்டியலுக்கு வெளியே புதிய துகள் ஒன்று வேண்டும். இந்த ஒரு வரிதான் துகள் இயற்பியலாளர்களை இந்தத் துறைக்குள் இழுத்து வந்தது.

## விம்ப்: கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம்

பல பத்தாண்டுகள் முன்னணியில் இருந்த மாதிரி விம்ப். அணுக்கருவுக்குள் வேலை செய்யும் விசைகளில் ஒன்று கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான மென்விசை. அந்த அளவு வலுவோடு மட்டும் பிறவற்றோடு உறவாடும் கனத்த துகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே விம்ப் என்ற பெயர். நிறை புரோட்டானைப் போல பத்து மடங்கிலிருந்து சில ஆயிரம் மடங்கு வரை இருக்கலாம்.

இதன் அழகு, மிஞ்சிய அளவு எப்படி வந்தது என்று சொல்லும் விதத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். ஆயிரம் குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு திடலில் கைகளை நீட்டியபடி நடக்கிறார்கள். இருவர் தொட்டுக்கொண்டால் இருவருமே ஆட்டத்திலிருந்து வெளியே. தொடக்கத்தில் நெரிசல், நொடிக்கு நொடி பலர் வெளியேறுகிறார்கள். ஆனால் இந்தத் திடல் விரிந்துகொண்டே போகிறது. கொஞ்ச நேரத்தில் மிஞ்சியவர்களுக்கு இடையே இடைவெளி அவ்வளவு கூடிவிடுகிறது, இனி யாரும் யாரையும் தொட வாய்ப்பில்லை. அந்தக் கணத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ, அத்தனை பேர் என்றென்றைக்கும் திடலில் இருப்பார்கள்.

அண்டத்தின் முதல் நொடியின் சிறு துணுக்குக்குள் இதுவே நடந்திருக்கும் என்கிறது இந்த மாதிரி. கொதிக்கும் வெப்பத்தில் விம்ப்கள் பிறந்துகொண்டும், இரண்டிரண்டாகச் சந்தித்து அழிந்துகொண்டும் இருந்தன. அண்டம் விரிந்து ஆறியதும் புதிதாகப் பிறப்பது நின்றது, பிறகு சந்திப்பதும் நின்றது. இதற்கு உறைவு என்று பெயர். எத்தனை மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது கையின் நீளம். நீளமான கை, அதாவது வலுவான உறவு, என்றால் பெரும்பாலும் எல்லாரும் வெளியேறிவிடுவார்கள். குட்டைக் கை என்றால் நிறையப் பேர் மிஞ்சுவார்கள். உறவு வலுவிழந்தால் எண்ணிக்கை கூடும் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு, ஒருமுறை நின்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். இன்று 27 விழுக்காடு மிஞ்சியிருக்க வேண்டுமானால் கை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? விடை மென்விசையின் அளவுக்கு அருகில் வந்து நின்றது. வானியலிலிருந்து கேட்ட கேள்விக்கு, அணுக்கரு இயற்பியலில் ஏற்கெனவே தெரிந்த ஓர் அளவு பதிலாக வந்தது. இதை ‘விம்ப் அற்புதம்’ என்றே அழைத்தார்கள். அதே காலத்தில், வேறு காரணங்களுக்காகச் சிலர் வளர்த்துவந்த மீச்சமச்சீர் என்ற கோட்பாடு, தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கனத்த தோழித் துகள் உண்டு என்றது. அந்தத் தோழிகளில் மிக லேசான, மின்னூட்டமில்லாத ஒன்று விம்ப்பாக இருக்கத் தகுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிய சுரங்கம் நடுவில் சந்தித்தது போல இருந்தது. அந்த நம்பிக்கை மிகையானது என்று இன்று சொல்வது எளிது. அன்றைய கணக்கைப் பார்த்தால் நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன்.

## அரைக் கிலோவைத் தேடி நிலத்தடியில்

விம்ப் இருந்தால் அது இப்போது இந்த அறையிலும் இருக்க வேண்டும். நம் பகுதியில் கரும்பொருளின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் நிறையின் மூன்றில் ஒரு பங்கு அளவு என்று மதிப்பிடுகிறார்கள். விம்ப்பின் நிறை புரோட்டானைப் போல நூறு மடங்கு என்றால், ஒரு லிட்டர் சொம்புக்குள் எந்த நேரத்திலும் ஏறத்தாழ மூன்று இருக்கும். அவை நொடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுவதால், உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு நொடியும் 60,000 அளவில் கடந்து போகும். அதே அடர்த்தியில் பூமி முழுவதற்குள்ளும் இருக்கும் கரும்பொருளைத் திரட்டி எடை போட்டால் அரைக் கிலோ சொச்சம்தான் தேறும். ‘ஐந்து மடங்கு இருக்கிறதே, எங்கே?’ என்பவர்களுக்கு இதுதான் பதில். சாதாரணப் பொருள் சூரியனாகவும் பூமியாகவும் உருண்டு கெட்டிப்படுகிறது. கரும்பொருள் பெருவெளி முழுக்க மெல்லிய மூட்டமாகப் பரவி நிற்கிறது.

கடந்து போகும் கோடானுகோடியில் எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவை முட்டும். அந்த முட்டலைப் பிடிக்கத்தான் கருவிகள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், எல்-இசட் என்ற சோதனை நடக்கிறது. 10 டன் செனான் வாயுவைச் சுழியத்துக்குக் கீழே 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்துத் திரவமாக வைத்திருக்கிறார்கள். ஒரு செனான் கரு முட்டப்பட்டால் சிறு ஒளி மினுங்கும், சில எலக்ட்ரான்கள் கழன்று மேலே இழுக்கப்பட்டு அங்கே இரண்டாவது ஒளியைத் தரும். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தையும் அளவையும் வைத்து, எங்கே நடந்தது, முட்டியது கருவையா எலக்ட்ரானையா என்று பிரித்தறிகிறார்கள். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியிலும், சீனாவில் ஜின்பிங் மலைக்கு அடியிலும் இதே வகைத் தேடல்கள் நடக்கின்றன.

ஏன் பூமிக்கு அடியில்? விண்ணிலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்கள் தரைமட்டத்தில் ஓயாமல் இரைச்சலிடும், பாறை அதை வடிகட்டும். நமக்கு இது புதிதல்ல. ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த கோலார் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் கீழே வைத்த கருவிதான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை முதன்முதலில் கண்டவற்றில் ஒன்று. இன்று ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே லேசான கரும்பொருள் துகள்களைத் தேடுகிறார்கள்.

முடிவு? எல்-இசட் 2024இல் 280 நாள் தரவை வெளியிட்டது. விம்ப் இல்லை. ஜெனீவாவுக்கு அருகே 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்ட, துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் பெரு மோதுவியும் தோழித் துகள் எதையும் இதுவரை காட்டவில்லை.

ஒரே ஒரு குழு மட்டும் கண்டோம் என்று விடாமல் சொன்னது. கிரான் சாஸோவின் டாமா சோதனை. மழையில் சைக்கிள் ஓட்டும்போது மழையை எதிர்த்துப் போனால் நெஞ்சில் அதிகத் துளி விழும், மழையோடு போனால் குறையும். சூரியன் பால்வீதியைச் சுற்றும் திசையிலேயே பூமியும் ஓடும் ஜூன் மாத வாக்கில் கரும்பொருள் ‘மழை’ நம்மை அதிகம் தாக்கும், டிசம்பரில் குறையும். டாமா அந்த ஆண்டு ஏற்ற இறக்கத்தை 1990களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் காட்டிவந்தது. டாமாவின் கருவியில் இருந்த அதே வகைப் படிகத்தை வைத்துத் தென் கொரியாவிலும் ஸ்பெயினிலும் செய்து பார்த்தார்கள். ஏற்ற இறக்கம் தென்படவில்லை. அது கரும்பொருள் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் மறுத்துப் பேசுவதோடு நிற்காமல் அதே படிகத்தை வாங்கிச் சோதித்த விதம் பாராட்டத்தக்கது.

சுருக்கமாக: விம்ப் மாதிரி முற்றிலும் செத்துவிடவில்லை. அதன் கை நாம் நினைத்ததைவிடக் குட்டையாக இருக்கலாம், நிறை நாம் தேடிய எல்லைக்கு வெளியே இருக்கலாம். மிக எளிமையான, மிக அழகான வடிவங்கள் பல மட்டும் நீங்கிவிட்டன. ‘கிடைக்கவில்லை’ என்ற ஒவ்வொரு அறிக்கையும் எங்கெல்லாம் அது இல்லை என்று வரைபடத்தில் அடித்துக்காட்டும் கோடு.

## ஆக்சியான்: கொத்தனாரின் தூக்குக்குண்டு

விம்ப்புக்கு நேர் எதிர்த் திசையில் இருப்பது ஆக்சியான். எனக்கு மிகப் பிடித்த மாதிரி இது. கரும்பொருளுக்காகப் பிறக்காத மாதிரி என்பதே காரணம்.

குவார்க்குகளைப் புரோட்டானாகவும் நியூட்ரானாகவும் கட்டிவைக்கும் விசைக்கு வன்விசை என்று பெயர். அதன் சமன்பாடுகளில் ஒரு கோணம் வருகிறது. அது 0 முதல் 360 டிகிரி வரை எதுவாகவும் இருக்கலாம் என்று கோட்பாடு அனுமதிக்கிறது. சுழியமாக இல்லாவிட்டால் நியூட்ரானுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே இரு பக்கமாக விலகித் தெரிய வேண்டும். எவ்வளவு நுணுக்கமாக அளந்தும் விலகல் தெரியவில்லை. கோணம் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைவிடச் சிறியது. எதுவாகவும் இருக்கலாம் என்ற ஒன்று ஏன் இவ்வளவு துல்லியமாகச் சுழியத்தில் நிற்கிறது?

கட்டடம் கட்டும் இடத்தில் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். நூல் எந்தக் கோணத்திலும் இருந்திருக்கலாம். ஆனால் அது எப்போதும் நேர் கீழே வந்து நிற்கிறது, யாரும் பிடித்து வைப்பதில்லை, ஈர்ப்பு இழுத்து நிறுத்துகிறது. 1977இல் ராபர்ட்டோ பெச்செயும் ஹெலன் குவினும் சொன்னது இதைப் போன்றது: அந்தக் கோணம் மாறாத எண் இல்லை, தானாக ஆடி அடங்கிச் சுழியத்துக்கு வரக்கூடிய புலம். புலம் என்பது வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பைக் கொண்டிருப்பது, வெப்பநிலை ஊர் முழுக்க இடத்துக்கு இடம் ஒரு மதிப்பைக் கொண்டிருப்பது போல. அடுத்த ஆண்டே ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஃபிராங்க் வில்செக்கும், அப்படி ஒரு புலம் இருந்தால் அதற்குரிய துகளும் இருக்க வேண்டும் என்று தனித்தனியே சுட்டினார்கள். ஆக்சியான் என்ற பெயர் வில்செக் வைத்தது. கறை நீக்கும் ஒரு சலவைத்தூளின் பெயர் அது. கோட்பாட்டில் இருந்த கறையை நீக்குகிறது அல்லவா.

இனி கரும்பொருளுக்கு வருவோம். தூக்குக்குண்டைக் கையிலிருந்து விட்டதும் உடனே நேராக நிற்காது, முதலில் ஆடும். அண்டம் பிறந்தபோது ஆக்சியான் புலமும் ஏதோ ஒரு கோணத்தில் இருந்திருக்கும். விடப்பட்டதும் ஆடத் தொடங்கியது. அண்டம் விரிய விரிய ஆட்டம் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. மிச்சமிருக்கும் அந்த நுண்ணிய ஆட்டத்துக்கும் ஆற்றல் உண்டு, ஆகவே ஈர்ப்பும் உண்டு. 1983இல் பலர் கணக்கிட்டுப் பார்த்தபோது, அது கரும்பொருள் முழுவதற்கும் போதுமானதாக இருக்கலாம் என்று தெரிந்தது.

இதில் இன்னொன்று தெளிவாகிறது. நியூட்ரினோ லேசாக இருந்ததால் தோற்றது என்றோம், ஆக்சியானோ அதைவிட லேசு. ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. பிறகு எப்படிக் குளிர்ந்ததாகிறது? பிறந்த விதத்தில் இருக்கிறது வேறுபாடு. நியூட்ரினோ கொதிக்கும் குழம்பிலிருந்து தெறித்துப் பறந்தது. ஆக்சியான் ஓர் ஒழுங்கான ஆட்டமாகப் பிறந்து, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. இவ்வளவு லேசாக இருப்பதால் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 30 லட்சம் கோடி அளவில் இருக்க வேண்டும். அப்போது அதைத் தனித்தனித் துகளாக நினைப்பதைவிட, எங்கும் நிரம்பிய அலையாக நினைப்பதே சரி.

முட்டலைத் தேடும் கருவி இதற்கு உதவாது. பியர் சிகிவி 1983இல் வேறு வழி சொன்னார். வலுவான காந்தப் புலத்துக்குள் ஆக்சியான் மிக அரிதாக நுண்ணலையாக மாறும். அந்த அலையின் அதிர்வெண் ஆக்சியானின் நிறையைப் பொறுத்தது, நிறை நமக்குத் தெரியாது. பழைய ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிக்க முள்ளை மெல்ல மெல்ல நகர்த்துவோமே, இரைச்சலுக்கு நடுவே சட்டென்று குரல் தெளியும் வரை? சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏ-டி-எம்-எக்ஸ் சோதனை அதைத்தான் செய்கிறது. பெரிய காந்தத்துக்குள் ஓர் உலோகக் குடுவை, அதற்குள் அசையும் தண்டு, தண்டை நகர்த்தினால் குடுவை ஒலிக்கும் அதிர்வெண் மாறும். நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒவ்வோர் இடமாக நின்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். தேடிய சில பட்டைகளில் இல்லை என்று உறுதியாகிவிட்டது. தேடாத பட்டைகள் மிக நிறைய.

## மற்றவர்கள், விரைவாக

மலட்டு நியூட்ரினோ: மென்விசையோடுகூட உறவில்லாத, எலக்ட்ரானைவிட லேசான ஆனால் சாதாரண நியூட்ரினோவைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமான உறவினர். சிதைந்தால் எக்ஸ் கதிர் வரும். 2014இல் கொத்துகளிலிருந்து அப்படி ஒரு கதிர் வருவதாக வந்த அறிக்கை இன்று பெரிதும் ஐயத்துக்குள்ளாகியிருக்கிறது.

மறைதுறை: கரும்பொருள் ஒற்றைத் துகளாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நம் உலகில் எலக்ட்ரானும் குவார்க்கும் ஒளியும் இருப்பது போல, தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் துகள்களின் குடும்பமே இருக்கலாம். அவர்களுடைய ‘ஒளி’ நம் ஒளியோடு மிக மெல்லக் கலந்தால் மட்டுமே நமக்கு ஒரு சாளரம் திறக்கும்.

பெரியவர் சொன்ன கருந்துளைக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் விண்மீன் இறந்து உருவான கருந்துளைக்கு இல்லை. அது முன்பு சாதாரணப் பொருளாக இருந்தது, சாதாரணப் பொருளின் மொத்தக் கணக்கே 5 விழுக்காட்டில் முடிந்துவிடுகிறது. விண்மீன்கள் பிறக்கும் முன்பே, பெருவெடிப்பின் முதல் நொடிக்குள் நேரடியாக இறுகிய ஆதிக் கருந்துளைகள் இருந்திருக்கலாம் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1971இல் எழுதினார். பின்னணி விண்மீனை அவை கடக்கும்போது ஒளி சற்று நேரம் கூடித் தெரிய வேண்டும். 1990கள் முதல், பால்வீதிக்கு அருகே இருக்கும் மெகல்லானிக் மேகங்கள் என்ற சிறு கூட்டங்களை நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததில் போதுமான அளவு தென்படவில்லை. குறுங்கோள் நிறை அளவிலான மிகச் சிறிய ஆதிக் கருந்துளைகளுக்கு மட்டும் கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஆகவே, அன்று “தவறு” என்று நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன், ஐயா.

## மூட்டத்துக்குள்

2024இல் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியிலும் சீனாவிலும் உள்ள செனான் கருவிகள், செனான் கருவை ஏதோ மெல்ல முட்டிய தடயங்களைக் கண்டன. அது விம்ப் இல்லை. சூரியனின் மையத்தில் போரான்-8 என்ற அணுக்கரு சிதைந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள். கருவிகள் அவ்வளவு கூர்மையாகிவிட்டன. இனி இன்னும் பெரிய கருவி கட்டினால் நியூட்ரினோ முட்டல்கள் இன்னும் அதிகமாகும், பாறையோ ஈயமோ எதுவும் அவற்றை வடிகட்டாது. இந்த நிலைக்கு நியூட்ரினோ மூட்டம் என்று பெயர். பல பத்து டன் செனான் கொண்ட அடுத்த தலைமுறைக் கருவியைத் திட்டமிடுபவர்கள், அந்த மூட்டத்துக்குள் ஒரு விம்ப்பின் முட்டலை எப்படிப் பிரித்தறிவது என்று இப்போது கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கரும்பொருளாக இருக்கலாம் என்று எண்ணப்பட்ட அதே நியூட்ரினோதான் இன்று அதைத் தேடும் வழியில் குறுக்கே நிற்கிறது.